ஆகாய் கேட்ட முதலிடம்

கடவுளுக்கு வாழ்வில் எந்த இடம் என்ற கேள்வியை எபிரேயத் தீர்க்கதரிசிகள் எல்லோருமே எழுப்பினார்கள். அதை நாள் குறித்து, ஆள் குறித்து, பாதியில் நின்றுபோன ஒரு கட்டட வேலையை முன்வைத்து எழுப்பியவர் ஆகாய். பன்னிரண்டு சிறு தீர்க்கதரிசிகளின் வரிசையில் பத்தாவதாக வரும் அவருடைய நூல் இரண்டே அதிகாரங்கள், 38 வசனங்கள் கொண்டது. ஒபதியாவின் நூலை விட்டால் எபிரேய வேதத்தில் இதைவிடச் சிறியது இல்லை. தந்தை பெயரோ பிறந்த ஊரோ அதில் சொல்லப்படவில்லை. ஆனால் அவர் பேசிய நாட்கள் மட்டும் ஆண்டு, மாதம், தேதியோடு பதிவாகியிருக்கின்றன. இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் கி.மு. 520 ஆகஸ்ட் 29, அக்டோபர் 17, டிசம்பர் 18 ஆகிய மூன்று நாட்கள். கடைசி நாளில் இரண்டு முறை பேசினார். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குள் அவருடைய பணி தொடங்கி முடிந்துவிடுகிறது.

அந்தத் தேதிகள் பாரசீக மன்னர் தரியுவின் ஆட்சியாண்டைக் கொண்டு கணக்கிடப்பட்டவை. யூதாவுக்கு அப்போது சொந்த அரசன் கிடையாது. கி.மு. 586-ல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைப் பிடித்து, சாலொமோன் கட்டிய ஆலயத்தைத் தீயிட்டு அழித்தது. மக்களில் ஒரு பகுதியினர் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 539-ல் பாரசீகத்தின் கோரேஸ் பாபிலோனைக் கைப்பற்றி, மறு ஆண்டு யூதர்கள் ஊர் திரும்பி ஆலயத்தைக் கட்டிக்கொள்ள அனுமதி தந்தார். 1879-ல் பாபிலோனின் இடிபாடுகளில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கோரேஸின் களிமண் உருளை யூதாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனாலும் பாழடைந்த வழிபாட்டிடங்களைச் சீர்செய்து, அவற்றுக்குரிய தெய்வங்களையும் மக்களையும் திருப்பி அனுப்பியதாகச் சொல்கிறது. யூதர்களுக்குக் கிடைத்த அனுமதி அந்தப் பொதுக் கொள்கையோடு ஒத்துப்போகிறது.

திரும்பியவர்களின் தொகையை எஸ்றாவின் நூல் 42,360 என்று தருகிறது. அவர்கள் முதலில் பலிபீடத்தை நிறுவினார்கள், பலிகள் தொடங்கின, அஸ்திவாரமும் போடப்பட்டது. பிறகு வேலை நின்றது. அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பே காரணம் என்கிறார் எஸ்றா. அவர்கள் மக்களை மிரட்டினார்கள், அரசு ஆலோசகர்களுக்குக் கைக்கூலி கொடுத்தார்கள். இடையில் 525-ல் பாரசீக மன்னர் காம்பிசஸ் எகிப்தின் மீது படையெடுத்தார். அந்தப் பெரும் படை பாலஸ்தீனக் கரையோரமாகவே எகிப்துக்குப் போனது. 522-ல் அவர் இறந்ததும் பேரரசெங்கும் கலகம் மூண்டது. தரியு அதை அடக்கி அரியணையை உறுதிசெய்த கதை பெகிஸ்துன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் வெட்டப்பட்டுள்ளது. இத்தனைக்கும் நடுவே எருசலேமில் ஒரு அஸ்திவாரம் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் புல் முளைத்துக் கிடந்தது.

ஆகாயின் நூலில் அந்த எதிரிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான். எஸ்றா சொல்லும் தடை உண்மையானதுதான். ஆனால் வெளியிலிருந்து வந்த தடை நாளடைவில் உள்ளிருக்கும் வழக்கமாக மாறிவிடுவதுண்டு. தடுத்தவன் போன பிறகும் வேலை நடக்காது, ஏனென்றால் நடக்காமல் இருப்பது பழகிவிட்டது. ஆகாய் கை வைத்தது அந்தப் பழக்கத்தின் மேல்.

முதல் செய்தி ஆறாம் மாதம் முதல் தேதி, அமாவாசைக்குப் பின் புது மாதம் பிறந்த நாளன்று வந்தது. வழிபாட்டுக்கு மக்கள் கூடும் நாள் அது. ஆளுநர் செருபாபேலும் பிரதான ஆசாரியர் யோசுவாவும் முன்னிலையில் இருந்தார்கள். ஆலயம் கட்டுவதற்குரிய காலம் இன்னும் வரவில்லை என்று மக்கள் பேசிக்கொள்வதை ஆகாய் எடுத்துக்காட்டினார். அதற்கு அவர் தந்த மறுமொழி ஒரு கேள்வி. இறைவனின் வீடு பாழாகக் கிடக்கும்போது, மச்சுப் பாவிய வீடுகளில் குடியிருப்பதற்கு மட்டும் காலம் வந்துவிட்டதா?

குற்றச்சாட்டின் அளவை இங்கே சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த மக்கள் கடவுளை மறுக்கவில்லை. அந்நிய தெய்வங்களைத் தேடிப் போகவில்லை. ஓசியாவும் எரேமியாவும் தம் காலத்தில் கண்டித்த பாகால் வழிபாட்டின் சாயல்கூட இந்நூலில் இல்லை. பலிபீடத்தில் பலி நடந்துகொண்டுதான் இருந்தது. ஆலயம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, கட்டத்தான் வேண்டும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். முதலில் வீடு எழும்பட்டும், ஒரு விளைச்சல் கைக்கு வரட்டும், அரசியல் கொஞ்சம் தெளியட்டும், பிறகு பார்க்கலாம். தள்ளிப்போட்டதுதான் அவர்கள் செய்தது. ஒவ்வொரு ஆண்டும் தள்ளிப்போடுவதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. மழை பொய்த்த ஆண்டில் பொதுக் கட்டடத்துக்கு உழைப்பைத் திருப்புவது எந்தக் குடியானவனுக்கும் எளிதன்று. ஆகாய் அந்த நியாயத்தை அறியாதவர் அல்லர். வறுமையை அவரே வரிசையாக எடுத்துச் சொல்கிறார். ஆனால் அதே வறுமையில் வீடுகளுக்கு மட்டும் பலகை கிடைத்திருக்கிறது. கையில் இருப்பது எவ்வளவு என்பது அவருக்கு முக்கியமில்லை. இருப்பதில் முதலாவது யாருக்குப் போகிறது என்பதையே அவர் பார்த்தார்.

வீடு கட்டிக்கொண்டது தவறு என்றும் அவர் சொல்லவில்லை. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள் என்றே அறிவுறுத்தியது. வீடும் வயலும் குடும்பமும் எபிரேய மரபில் இறைவனின் கொடைகள். அவற்றைத் துறந்துவிட்டுக் கடவுளைத் தேடும் துறவுநெறி ஆகாயிடம் இல்லை. அவர் தொட்டது வரிசையை மட்டுமே.

தாவீதின் கதை இதற்கு ஒளி தரும். கேதுரு மர மாளிகையில் குடியேறிய தாவீது, இறைவனின் பெட்டி கூடாரத் திரைக்குள் இருப்பதை நினைத்துத் தானே கூசினார். ஆலயம் கட்ட விரும்பினார். நாத்தான் தீர்க்கதரிசியின் வழியாக வந்த பதிலோ, அப்படி ஒரு வீட்டைத் தாம் யாரிடமும் கேட்டதில்லை என்பதாக இருந்தது. கேட்காதபோது கட்ட விரும்பியவர் தாவீது. கேட்டும் கட்டாமல் இருந்தவர்கள் ஆகாயின் காலத்தவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீடு இல்லாமல் கடவுள் ஒன்றும் தவிக்கவில்லை என்பது விளங்கும். வானமும் பூமியும் கொள்ளாத ஒருவருக்குக் கூரை தேவையில்லை என்பதை ஏசாயாவின் கடைசி அதிகாரம் நேராகவே சொல்கிறது. தேவை மக்களுக்கு இருந்தது. நாடு இழந்து, அரசன் இழந்து, எழுபது ஆண்டு சிதறிக் கிடந்த ஒரு கூட்டம் எதைச் சுற்றி மீண்டும் ஒரு மக்களாகக் கூடுவது? ஆளுக்கொரு வீட்டைச் சுற்றி அது நடக்காது.

அடுத்து ஆகாய் மக்களைத் தங்கள் நடப்பைச் சிந்தித்துப் பார்க்கச் சொல்கிறார். இந்தச் சிறு நூலில் திரும்பத் திரும்ப வரும் வேண்டுகோள் அது. நிறைய விதைத்தும் கொஞ்சமே அறுக்கிறார்கள், உண்டும் நிறைவில்லை, குடித்தும் தாகம் தீரவில்லை, உடுத்தும் குளிர் போகவில்லை, கூலிக்காரன் வாங்கும் கூலி ஓட்டைப் பையில் விழுவதுபோல் கரைந்துபோகிறது. ஆகஸ்ட் கடைசியில் இதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. யூதேய மலைநாட்டில் வாற்கோதுமையும் கோதுமையும் ஏப்ரல் முதல் ஜூன் வரை அறுக்கப்படும். திராட்சையும் அத்தியும் மாதுளையும் கோடையின் முடிவில் பழுக்கும். களத்துமேட்டின் கணக்கு முடிந்து, பழத்தோட்டத்தின் கணக்கு கண்முன் தெரியும் பருவம் அது. அந்த ஆண்டு இரண்டுமே பொய்த்திருந்தன.

தானியத்திலும் திராட்சரசத்திலும் எண்ணெயிலும் வறட்சியை வரவழைத்தவர் இறைவனே என்று ஆகாய் அறிவிக்கிறார். உபாகமத்தின் 28-ஆம் அதிகாரம் உடன்படிக்கையை மீறினால் நேரும் என்று சொன்னவற்றின் எதிரொலி இது. இந்த இடத்தில்தான் இக்காலத்து வாசகர் தயங்குவார், தயங்கவும் வேண்டும். வறட்சி வந்த இடமெல்லாம் பாவம் நடந்த இடம் என்றும், கடவுளுக்குக் கொடுத்தவர் வீட்டில் செல்வம் பெருகும் என்றும் இந்த வசனங்களை ஒரு சூத்திரமாக்குவது எளிது. கட்டட நிதிக்கான மேடைகளில் ஆகாயின் ஓட்டைப் பை அப்படிப் பயன்படுவதும் உண்டு. எபிரேய வேதமே அந்தச் சூத்திரத்தை ஏற்பதில்லை. யோபுவின் நண்பர்கள் அதைத்தான் பேசினார்கள். நூலின் முடிவில் இறைவனின் கோபம் அவர்கள் மேல்தான் திரும்பியது. ஆபகூக் தீர்க்கதரிசி ஆகாய்க்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முந்தியவர். அத்தி துளிர்க்காமல், திராட்சை காய்க்காமல், ஒலிவம் ஏமாற்றி, வயலும் தொழுவமும் வெறுமையானாலும் தாம் கர்த்தருக்குள் மகிழ்வதாக அவர் தம் நூலை முடித்தார். ஆகாய் சுட்டிய அதே மரங்கள், அதே வெறுமை. ஆனால் ஆபகூக்குக்கு அந்த வெறுமை கண்டனமாகத் தெரியவில்லை. இவ்விரண்டு குரலையும் ஒரே தொகுப்பில் வைத்துக் காத்தவர்கள் ஒன்றைக்கொண்டு மற்றதை அளக்கவே வைத்தார்கள்.

ஆகாயின் கண்டனம் ஒரு குறிப்பிட்ட மக்களுக்கு, ஒரு குறிப்பிட்ட ஆண்டில், தீர்க்கதரிசனமாக வந்த சொல். பிறர் வீட்டு வறுமையைப் பார்த்து ஒருவர் சொல்லத்தக்க தீர்ப்பாக அதை மாற்றுவதற்கு நூலில் இடமில்லை. மேலும் அவர் பேசியது குறைவைப் பற்றி மட்டும் அன்று. உண்டும் நிறையாமை, உடுத்தும் குளிர் விடாமை ஆகியவை விளைச்சல் மிகுந்த ஆண்டிலும் மனிதரைப் பிடிக்கும் நோய்கள். முதலிடத்தில் இருக்கத் தகாதது அங்கே இருக்கும்போது, எவ்வளவு சேர்ந்தாலும் அது போதும் என்று தோன்றாது. வறட்சி நீங்கினால் மட்டும் தீராத பசி அது.

தீர்க்கதரிசிகளின் வரலாற்றில் அரிதான ஒன்று அதற்குப் பின் நடந்தது: மக்கள் கேட்டார்கள். எரேமியாவின் சுருளை யோயாக்கீம் மன்னன் துண்டு துண்டாக அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டான். ஆமோஸைப் பெத்தேலின் ஆசாரியன் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். ஆகாய் பேசிய இருபத்து மூன்றாம் நாள் வேலை தொடங்கிவிட்டது. ஆளுநர், ஆசாரியர், எஞ்சிய மக்கள் என மூன்று தரப்பையும் நூல் சேர்த்தே குறிப்பிடுகிறது. மக்கள் பயபக்தியோடு செவிகொடுத்தவுடனே, ஒரு கல்லும் நகருமுன், இறைவன் தாம் அவர்களோடு இருப்பதாக வாக்களித்தார். மழை பற்றி அப்போது ஒரு பேச்சும் இல்லை. ஆகாயின் செய்தியைப் பேரமாகப் படிப்பவர்கள் இந்த ஒழுங்கைத் தவறவிடுகிறார்கள். கீழ்ப்படிந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது இறைவனின் உடனிருப்பு. விளைச்சலைப் பற்றிய வாக்கு அதற்கு மூன்று மாதத்துக்கும் மேலான தொலைவில் இருந்தது.

மரத்துக்கு அவர் காட்டிய இடமும் குறிப்பிடத்தக்கது. சாலொமோனின் ஆலயத்துக்கு லீபனோனின் கேதுரு கடல்வழியாக வந்தது. தீருவின் மன்னன் ஈராம் அதற்கு உதவினான். கோரேஸின் காலத்திலும் லீபனோன் மரத்துக்கு ஏற்பாடு நடந்ததாக எஸ்றா சொல்கிறார். ஆகாயோ மலைக்குப் போய் மரம் கொண்டுவரச் சொல்கிறார், அவ்வளவுதான். தொலைதூரத்துக் கேதுருவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல், எட்டும் இடத்தில் இருப்பதைக் கொண்டு தொடங்கச் சொன்னார். தள்ளிப்போடுகிறவர்களின் கையில் எஞ்சியிருக்கும் கடைசிக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: செய்தால் சிறப்பாகச் செய்ய வேண்டும், அதற்கான வசதி இன்னும் வரவில்லை.

இரண்டாம் செய்தி அந்த மனநிலையையே தொடுகிறது. கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள் அது. அறுவடையைக் கொண்டாட வேண்டிய பண்டிகை; கொண்டாட அறுவடை இல்லை. பழைய ஆலயம் எரிந்து அறுபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைச் சிறுவயதில் பார்த்த முதியவர்கள் சிலர் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களிடமே ஆகாய் கேட்டார்: இதன் பழைய மகிமையைக் கண்டவர் யார், இப்போது இது உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது, ஒன்றுமில்லாததாக அல்லவா? ஊக்கமூட்ட வந்தவர் குறையை மறைக்கவில்லை. எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் எளியது என்பதை எல்லோர் முன்னும் ஒப்புக்கொண்ட பிறகே, திடன்கொள்ளுங்கள், வேலையை நடத்துங்கள் என்கிறார். வானமும் பூமியும் அசையும், சகல இனங்களின் செல்வமும் வரும், வெள்ளியும் பொன்னும் இறைவனுடையவை, பிந்தின மகிமை முந்தினதைவிடப் பெரிதாயிருக்கும் என்ற வாக்குகள் தொடர்கின்றன. வெள்ளியும் பொன்னும் தம்முடையவை என்று சொல்லும் கடவுள் மக்களின் பணத்துக்காக ஏங்குகிறவராக இருக்க முடியாது என்பதும் இங்கே அடங்கியிருக்கிறது.

மூன்றாம் செய்தியே நூலின் ஆழமான பகுதி. பெரும்பாலான பிரசங்கங்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. வேலை தொடங்கி மூன்று மாதம் ஆன நிலையில் ஆகாய் ஆசாரியர்களிடம் ஒரு சட்டக் கேள்வியைக் கொண்டுபோகிறார். பரிசுத்த மாம்சத்தை மடியில் முடிந்து எடுத்துச் செல்லும் ஒருவனின் வஸ்திரத் தொங்கல் அப்பத்திலோ குழம்பிலோ எண்ணெயிலோ பட்டால், பட்ட பொருள் பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தைத் தொட்டவன் அவற்றைத் தொட்டால் தீட்டாகுமா? ஆகும் என்கிறார்கள். இந்த மக்களும் அப்படியே, அவர்கள் கையின் வேலையும் படைக்கும் பலியும் தீட்டானவை என்று முடிக்கிறார் ஆகாய்.

நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும், ஆரோக்கியம் தொற்றுவதில்லை என்பது போன்ற தருக்கம் இது. கட்டடம் எழும்புகிறது, ஆகவே நாமும் பரிசுத்தமாகிவிட்டோம் என்று மக்கள் நினைக்கத் தொடங்கும் வேளையில் அவர் இதைச் சொல்கிறார். ஆலயத்தைக் கட்டும்படி வற்புறுத்திய அதே வாய், ஆலயத்தால் தானாக ஒன்றும் ஆகிவிடாது என்றும் சொல்கிறது. எரேமியா தம் புகழ்பெற்ற ஆலயப் பிரசங்கத்தில், இது கர்த்தரின் ஆலயம் என்ற சொல்லை நம்பித் திருட்டும் கொலையும் விபசாரமும் செய்பவர்களைக் கடிந்துகொண்டார். ஆமோஸ் பண்டிகைகளை வெறுத்துப் பேசினார். அவர்களுக்கும் ஆகாய்க்கும் இடையே பெரிய முரண் இருப்பதாக அடிக்கடி சொல்லப்படும். அவர்கள் நீதியைக் கேட்டார்கள், இவர் கட்டடத்தைக் கேட்டார் என்று. இந்த மூன்றாம் செய்தியைப் படித்தவர் அப்படிச் சொல்வது கடினம். அதே காலத்தில், அதே ஆலய வேலையை ஊக்குவித்த சகரியாவையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். ஆலயம் பாதி எழும்பியிருந்த 518-ஆம் ஆண்டு டிசம்பரில், பழைய அழிவை நினைத்து நோற்கும் நோன்பைத் தொடரலாமா என்று கேட்டு வந்தவர்களுக்கு, உண்மையாய் நியாயம் தீருங்கள், விதவையையும் திக்கற்றவனையும் பரதேசியையும் ஏழையையும் ஒடுக்காதிருங்கள் என்பதே அவர் தந்த பதில். ஒரே கட்டடத் தளத்தில் நின்ற இரண்டு தீர்க்கதரிசிகளின் செய்தி இது.

தீட்டைப் பற்றிச் சொன்ன அதே நாளில்தான் ஆகாய் ஆசீர்வாதத்தையும் அறிவித்தார். இருபது மரக்கால் இருக்கும் என்று நம்பி வந்த அம்பாரத்தில் பத்தே இருந்தது. ஆலையில் ஐம்பது குடம் மொள்ள வந்தவனுக்கு இருபதே கிடைத்தது. அந்த நாட்களை நினைவூட்டிவிட்டு, இன்றுமுதல் ஆசீர்வதிப்பேன் என்று இறைவன் சொல்வதாக அவர் கூறுகிறார். நாள் டிசம்பர் 18. முன்மாரி அக்டோபர் கடைசியில் தொடங்கும், உழுது விதைத்தாயிற்று. களஞ்சியத்தில் விதை இல்லை. திராட்சையும் அத்தியும் மாதுளையும் ஒலிவமும் இன்னும் காய்க்கவில்லை என்று அவரே சொல்கிறார். மண்ணுக்குள் கிடக்கும் விதைக்கும் இலையுதிர்ந்து நிற்கும் மரத்துக்கும் நடுவே நின்று அந்த வாக்கு சொல்லப்பட்டது. கேட்டவர்களிடம் அப்போது அதற்குச் சாட்சியாக ஒரு கதிர்கூட இல்லை.

முதற்பலன் என்னும் எபிரேய வழக்கத்தின் உட்பொருளும் இதுவே. விளைந்ததில் முதலாவதை எடுத்து ஆலயத்துக்குக் கொண்டுவரும்படி உபாகமம் கட்டளையிடுகிறது. அதை நடத்தும் விதத்தை ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா அழகாக விவரிக்கிறது. குடியானவன் தன் தோட்டத்துக்குள் இறங்குவான். முதலில் பழுத்த ஓர் அத்திப்பழத்தையோ திராட்சைக் குலையையோ மாதுளையையோ கண்டால், அதை நாரால் கட்டி அடையாளமிட்டு, இது முதற்பலன் என்று அறிவிப்பான். மற்றவை பழுக்குமா, வெட்டுக்கிளி வருமா, ஆலங்கட்டி விழுமா என்பது அவனுக்குத் தெரியாது. விளைச்சலை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு பங்கு கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. எண்ணிய பிறகு கொடுப்பது கணக்கு; எண்ணும் முன் கொடுப்பது நம்பிக்கை. தென் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்கும்போதே ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே சேர்த்துவைக்கும் பிடியரிசிக் காணிக்கையிலும் இந்த முன்மையே உயிர். சோறு மிஞ்சினால் கொடுக்கலாம் என்று வைத்திருந்தால் அந்தப் பிடி ஒருநாளும் சேராது. உபாகமத்தின் கட்டளைக்கு இன்னொரு பாதியும் உண்டு. கூடையைப் பலிபீடத்தின் முன் வைத்தவன், தனக்குக் கிடைத்த நன்மைகளில் லேவியனோடும் தன் நடுவே வாழும் பரதேசியோடும் சேர்ந்து மகிழ வேண்டும். இறைவனுக்கு என்று முதலில் எடுத்தது, நிலமில்லாதவனுக்கும் ஊரில்லாதவனுக்கும் விருந்தாகிறது.

நான்காம் செய்தி செருபாபேலுக்கு மட்டும் உரியது. அரசுகளின் பலம் சரியும் நாளில் இறைவன் அவரை முத்திரை மோதிரமாக வைப்பார் என்பது. செருபாபேலின் பாட்டன் யோயாக்கீன் மன்னன், வலக்கை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறியப்படுவான் என்று எரேமியா அறிவித்திருந்தார். கழற்றிய மோதிரம் திரும்ப விரலுக்கு வருகிறது. ஆனால் செருபாபேல் அரசராகவில்லை. ஆலயம் முடியும்போது அவர் பெயரைக்கூட எஸ்றா குறிப்பிடவில்லை. அந்த வாக்கின் நிறைவை யூத மரபும் கிறிஸ்தவ மரபும் வேறு வேறு இடங்களில் தேடின.

வேலை நடக்கும்போது பாரசீகப் பேரரசின் மேற்குப் பகுதி ஆளுநர் தத்னாய் வந்து விசாரித்தார். அனுமதிக்கு ஆதாரம் கேட்டு மன்னருக்கு எழுதினார். மேதியாவின் அக்மேதாக் கோட்டையில் கோரேஸின் ஆணை கண்டெடுக்கப்பட்டது. தரியு வேலையைத் தொடரச் சொன்னதோடு செலவையும் அரசு வருவாயிலிருந்து கொடுக்கச் சொன்னார். ஆதார் மாதம் மூன்றாம் தேதி, தரியுவின் ஆறாம் ஆண்டில், கி.மு. 515-ல் ஆலயம் முடிந்தது. முதல் ஆலயத்தில் இருந்த ஐந்து இதில் இல்லை என்று பிற்கால ரபிகள் கணக்கிட்டார்கள். உடன்படிக்கைப் பெட்டி, வானத்து அக்கினி, இறைவனின் காணும் உடனிருப்பு, தீர்க்கதரிசன ஆவி, இறைவனின் முடிவை அறிய ஆசாரியர் பயன்படுத்திய ஊரீம் தும்மீம் ஆகியவை அந்த ஐந்து. மகா பரிசுத்த ஸ்தலம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையான அறையைச் சுற்றித்தான் ஒரு மக்கள் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் வழிபட்டார்கள்.

கி.பி. 70-ல் ரோமர்கள் அந்த ஆலயத்தை அழித்தபின், கடவுளுக்கு முதலிடம் என்பதைக் கல்லும் பலியும் இல்லாமல் வாழ வேண்டிய நிலை வந்தது. ரபிகள் அதை நாளின் வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். ஜெப வேளைகள் பழைய அன்றாடப் பலிகளின் வேளைகளோடு பொருத்தப்பட்டன. காலை ஜெபம் செய்யுமுன் ஒருவன் தன் சொந்த அலுவல்களில் இறங்கக் கூடாது என்று தல்மூத் விதித்தது. ஆகாய் ஒரு மலைமேல் கேட்ட முதலிடம் ஒவ்வொரு வீட்டின் விடியலுக்குள் வந்தது. கிறிஸ்தவத்தில் அகுஸ்தீன் இதை அன்பின் ஒழுங்கு என்று வளர்த்தார். தீயதை விரும்புவது மட்டும் பாவமன்று, நல்லதையும் அதற்குரிய இடத்தை மீறி விரும்புவது ஒழுங்கின்மை என்றார். பலகை பாவிய வீடு நல்லதுதான். அது அமர்ந்திருந்த இடம்தான் தவறு.

இந்த முதலிடத்தை மனிதருக்கு எதிராகத் திருப்பும் ஆபத்து தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்தது. முதலாவது இறைவனின் அரசைத் தேடுங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் போதித்த இயேசு, அதே பிரசங்கத்தில், பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவருபவனுக்குச் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகும்படி சொன்னார். பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று சொல்லி, பெற்றோரைக் கைவிடுபவர்களையும் அவர் கடிந்துகொண்டதை மாற்கு பதிவுசெய்கிறார். மிஷ்னாவின் நேர்ச்சைகள் பற்றிய பகுதியும் இந்தச் சிக்கலை எடுத்துக்கொள்கிறது. ஒருவன் செய்த நேர்ச்சை அவனுக்கும் அவன் தாய் தந்தையருக்கும் நடுவே நின்றால், பெற்றோரைக் கனம்பண்ண வேண்டும் என்பதையே காரணமாகக் காட்டி அவனை அந்த நேர்ச்சையிலிருந்து விடுவிக்கலாம் என்பதில், மற்றவற்றில் வேறுபட்ட அறிஞர்களும் ரபி எலியேசரோடு உடன்பட்டார்கள்.